'வராது' என்று சொல்ல நாம் யார்?

'நமக்கெல்லாம் அது வராது' என்ற வாக்கியத்தின் மீது வழக்குத் தொடுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் ஒரு நாளில் அது எத்தனை முறை ஒலிக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அடுக்களையில் ஒலிக்கிறது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படிகளில் நின்று பேசும் பெரியவர்களிடம் ஒலிக்கிறது. நிக்காஹ் வீட்டில் சஹனைச் சுற்றி அமர்ந்திருப்போர் நடுவே ஒலிக்கிறது. இங்கிலீஷ் நமக்கு வராது, கணக்கு வராது, வக்கீல் படிப்பு நமக்குச் சரிப்படாது, அரசு வேலை நமக்குக் கிடைக்காது. சொல்பவர் முகத்தில் வருத்தம்கூட இருப்பதில்லை. ஒருவகை அமைதியே இருக்கிறது. அந்த அமைதிக்கு நாம் தவக்குல் என்று பெயர் வைத்திருக்கிறோம். என் முதல் புகார் அதுதான்.

கடந்த மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்தன. என் தம்பி மகள் கணக்கில் 91 மதிப்பெண் வாங்கியிருந்தாள். மகிழ்ச்சியோடு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். மேல்நிலை வகுப்புக்கான விண்ணப்பம் மேசை மீது கிடந்தது. கணக்குப் பாடமே இல்லாத பிரிவை அவள் எழுதி வைத்திருந்தாள். வணிகவியல் தாழ்ந்த படிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நம் முன்னோர் கடல் கடந்து வாழ்ந்ததே வணிகத்தால்தான். அவள் அதை விரும்பி எழுதியிருந்தால் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "நமக்கெல்லாம் கணக்கு வராது மாமி, பத்தாவது வரைக்கும் ஏதோ எழுதிட்டேன்" என்றாள். அவளுடைய உம்மா, "அல்லாஹ் நாடினது இதுதான் போல" என்று சொல்லியபடி தேநீர் ஆற்றினார்.

அப்படியானால் அந்த 91 மதிப்பெண்ணை அல்லாஹ் நாடவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க முடியவில்லை. அந்தப் பெண் எந்த வாக்கியத்தைச் சொன்னாளோ, அதை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருத்தி.

ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், பட்டப்படிப்பை முடித்திருந்த என் தம்பி குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தான். நான் அவனுக்கு மூத்தவள். ஆசிரியப் பயிற்சி முடித்தவள். வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பிருந்தது. "நம்ம பேரைப் பார்த்தாலே இன்டர்வியூவுல தள்ளிடுவாங்கடா, எதுக்கு வீண் செலவு?" என்றேன். அவனும் படிவத்தை மடித்து அலமாரியில் வைத்தான். ஆறு மாதத்தில் தம்மாமுக்கு விமானம் ஏறினான். இன்றும் அங்கேயே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். அந்தத் தேர்வுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். எழுத்துத் தேர்வு மட்டும். அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. விடைத்தாளைத் திருத்தும் எந்திரம் ஒருவர் பெயரைப் படித்து முகம் சுளிப்பதில்லை. இல்லாத ஒரு கதவு சாத்தப்படும் என்று சொல்லி, இருந்த கதவை என் கையாலேயே சாத்தினேன். அவன் அந்தத் தேர்வில் வென்றிருப்பானா என்பது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொன்னேன் என்பதே என் குற்றம்.

இந்தக் குற்றத்தின் தன்மையை நம் தமிழ் மொழியே காட்டிக்கொடுக்கிறது. 'கணக்கு வரவில்லை' என்பது ஒன்று. 'கணக்கு வராது' என்பது வேறொன்று. முன்னது சாட்சியம். இதுவரை நடந்ததை ஒருவர் சொல்கிறார். அது உண்மையாக இருக்கலாம், அதைத் திருத்தவும் வழியிருக்கிறது. பின்னது வருங்காலத்தைப் பற்றிய தீர்ப்பு. நாளை நடக்கப்போவதை இன்றே அறிந்துவிட்டதாக அதற்குள் ஓர் உரிமை கோரல் இருக்கிறது. நாளை ஓர் ஆன்மா எதைச் சம்பாதிக்கும் என்பதை எந்த ஆன்மாவும் அறியாது என்று லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனம் நமக்கு அறிவிக்கிறது. மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது என்று நம் குழந்தைகளுக்கு மக்தபில் கற்றுக்கொடுக்கிறோம். குறிசொல்பவரிடம் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறோம். பிறகு அதே குழந்தை ஒரு கணக்கைத் தவறாகப் போட்டால் அதன் எதிர்காலத்தை நாமே குறிசொல்லி முடித்துவிடுகிறோம். கிளி இல்லை, சீட்டு இல்லை. மற்றபடி என்ன வேறுபாடு?

ஆகவே 'நமக்கெல்லாம் வராது' என்பதைப் பணிவு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அது பணிவின் உடுப்பைப் போட்டுக்கொண்ட துணிச்சல்.

நபி (ஸல்) அவர்கள் வழமையாகக் கேட்டுவந்த பாதுகாப்பு துஆ ஒன்று புகாரியில் பதிவாகியுள்ளது. நம்மில் பலருக்கு அது மனப்பாடம். கடன் சுமையிலிருந்து விடுபட ஓதுங்கள் என்று அச்சிட்டுப் பள்ளிவாசல் சுவரிலும் ஒட்டியிருக்கிறார்கள். அதில் கவலையும் துக்கமும் முதலில் வருகின்றன. அவற்றையடுத்து வருபவை 'அஜ்ஸ்', 'கஸல்' என்ற இரண்டு. கஸல் என்றால் சோம்பல் என்பது எல்லோருக்கும் தெரியும். அஜ்ஸ் என்ற சொல்லின் மீதுதான் நாம் நிற்பதில்லை. அது இயலாமை, கையாலாகாத நிலை. சோம்பேறிக்குச் செய்யும் ஆற்றல் இருக்கிறது, மனம் இல்லை. அஜ்ஸில் வீழ்ந்தவரோ ஆற்றலே இல்லை என்று ஒதுங்கி நிற்கிறார். அல்லாஹ்வின் தூதர் எதனிடமிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்களோ, அதை நாம் நற்குணமாக வளர்த்துப் பிள்ளைகளுக்குச் சீர்வரிசைபோல் கொடுத்தனுப்புகிறோம். பலமான முஃமின் பலவீனமான முஃமினைவிடச் சிறந்தவர் என்று தொடங்கும் முஸ்லிமின் ஹதீஸும் இதே சொல்லிடம்தான் வந்து சேர்கிறது: பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாகி அமர்ந்துவிடாதே என்பது அதன் கருத்து. அந்த ஹதீஸின் பிற்பகுதியான, 'இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே' என்று புலம்பாதே, அல்லாஹ் விதித்தது நடந்தது என்று சொல் என்பதை மட்டும் நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். விதியைப் பற்றிய அந்த ஆறுதல் முயன்று தோற்றவருக்கு உரியது. முயலாதவர் அதை எடுத்துப் போர்த்திக்கொள்வது பிறர் உடைமையை அனுபவிப்பதற்கு ஒப்பாகும்.

இந்த நோய் எப்படியிருக்கும் என்பதை அறிய வேறெந்த நூலையும் தேட வேண்டாம். அல்மாயிதா அத்தியாயத்தின் 20 முதல் 26 வரையிலான வசனங்கள் போதும். நான் பலமுறை ஓதியிருக்கிறேன். என் தம்பியின் நினைவோடு ஓதிய அன்றுதான் அவை என்னை நிறுத்தின.

மூஸா (அலை) அவர்கள் தம் சமுதாயத்தாரைப் புனித பூமியின் வாசலுக்கு அழைத்து வருகிறார்கள். யார் அந்தச் சமுதாயத்தார்? கடல் பிளந்து வழிவிட்டதைக் கண்ணால் கண்டவர்கள். ஃபிர்அவ்ன் மூழ்கியதைக் கரையில் நின்று பார்த்தவர்கள். அவர்களிடம் மூஸா (அலை), அல்லாஹ் உங்களுக்கென்று எழுதிவிட்ட பூமிக்குள் நுழையுங்கள் என்கிறார்கள். இந்த 'எழுதிவிட்ட' என்பதைக் கவனிக்க வேண்டும். விதி அவர்களுக்குப் பாதகமாக இருக்கவில்லை. அவர்கள் பக்கமே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவர்கள் சொன்ன பதில், உள்ளே வலிமை மிக்க மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் வெளியேறும்வரை நாங்கள் நுழையமாட்டோம், அவர்கள் வெளியேறினால் நுழைகிறோம் என்பது. எதிரி தானாக எழுந்து போனபிறகு உள்ளே வருகிறார்களாம்! பிறகு இன்னும் ஒருபடி மேலே போய், நீரும் உம் இறைவனும் சென்று போரிடுங்கள், நாங்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம் என்றார்கள்.

அவர்களைக் கோழைகள் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டவர்கள் அவர்கள். ஆண் மக்களைக் கொன்று பெண் மக்களை உயிரோடு விட்ட கொடுமையின் கீழ் வளர்ந்தவர்கள். 'நம்மால் ஆகாது' என்பதை ஃபிர்அவ்ன் அவர்களுக்குச் சாட்டையால் கற்றுக்கொடுத்தான். ஃபிர்அவ்ன் செத்தான், அவன் கற்றுக்கொடுத்த பாடம் சாகவில்லை. எகிப்தைவிட்டு அவர்கள் எடுத்துவந்த சுமைகளிலேயே கனமானது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஊரிலும் நிலைமை வேறு அல்ல. பாட்டனாருக்குப் பள்ளிக்கூட வாசலில் நேர்ந்த அவமானத்தைப் பேரன் அனுபவிக்கவே இல்லை. ஆனால் அந்த அவமானம் கற்றுக்கொடுத்த வாக்கியத்தை அவன் அட்சரம் பிசகாமல் சொல்கிறான்.

அதே கூட்டத்தில் இருவர் இருந்தார்கள். குர்ஆன் அவர்களை அச்சமற்றவர்கள் என்று சொல்லவில்லை. அஞ்சுவோரைச் சேர்ந்தவர்கள் என்றும், அல்லாஹ் அவர்கள்மீது அருள் புரிந்திருந்தான் என்றும் சொல்கிறது. வாசல் வழியாக நுழையுங்கள், நுழைந்துவிட்டால் வெற்றி உங்களுக்கே என்று அவர்கள் சொன்னார்கள். உடனே தொடர்ந்து அவர்கள் சொன்னதுதான் இந்த வழக்கின் திறவுகோல்: நீங்கள் முஃமின்களாக இருந்தால் அல்லாஹ்வின் மீதே தவக்குல் வையுங்கள். இந்த வரலாற்றில் தவக்குல் என்ற சொல் உட்கார்ந்திருந்தவர்களின் வாயில் வரவில்லை. எழுந்து நுழையச் சொன்னவர்களின் வாயில் வந்தது. அதுவும் வாசலைக் காட்டியபிறகு வந்தது. நாம் அதைக் களவாடி, உட்கார்ந்திருந்தவர்கள் கையில் கொடுத்துவிட்டோம்.

விளைவு நாற்பது ஆண்டு பாலைவனம். பத்ருக்கு முன் நபித்தோழர் மிக்தாத் (ரலி) அவர்கள் எழுந்து, மூஸாவின் மக்கள் சொன்னதுபோல் நாங்கள் சொல்லமாட்டோம் என்று அறிவித்ததைக் கேட்டு நபி (ஸல்) அவர்களின் முகம் மலர்ந்தது என்பதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அந்தப் பழைய வாக்கியத்தை இந்த உம்மத் சொல்லக்கூடாது என்பது எவ்வளவு தெளிவாக அவர்கள் உள்ளத்தில் பதிந்திருந்தது!

'அப்படியானால் விதியை நம்ப வேண்டாமா?' என்று கேட்கிறவர்களுக்கு உமர் (ரலி) அவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. கலந்தாலோசித்தபின் திரும்பிப் போக முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குப் போகிறோம் என்ற பொருளில் விடையளித்த உமர் (ரலி), ஒட்டகங்களோடு வரும் ஒருவனுக்கு எதிரே பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், எந்தப் பக்கத்தில் மேய்த்தாலும் அவன் அல்லாஹ்வின் விதிப்படிதானே மேய்க்கிறான் என்று கேட்டார்கள். நம் மேய்ப்பர்களோ வறண்ட பக்கத்தில் நின்றுகொண்டு, அதற்கு மட்டும்தான் விதி என்று பெயர் என்கிறார்கள்.

இங்கே நேர்மையாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. சாத்தப்பட்ட கதவுகள் உண்மையிலேயே உண்டு. 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை இந்தியா முழுவதும் கல்வியிலும் அரசுப் பணியிலும் முஸ்லிம்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பதை எண்களோடு எழுதி வைத்தது. பெருநகரத்தில் வாடகைக்கு வீடு கேட்கப்போய்ப் பெயரைச் சொன்னவுடன் 'வீடு போயிடுச்சே' என்ற பதிலை வாங்காத முஸ்லிம் குடும்பம் அரிது. இவற்றையெல்லாம் 'உங்கள் மனப்பான்மைதான் காரணம்' என்று சொல்லி நம்மீதே திருப்பிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அநீதியை அநீதி என்றே சொல்ல வேண்டும். அதற்கு எதிராக வழக்காட வேண்டும்.

ஆனால் வழக்காட வக்கீல் வேண்டும். வக்கீல் படிப்பு நமக்குச் சரிப்படாது என்றல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறோம்? 2007இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காடு தனியே பிரித்துக் கொடுக்கப்பட்டது. லெப்பை, ராவுத்தர், மரக்காயர், தக்கணி, மாப்பிள்ளை, ஷேக், சையது, தூதேகுலா, அன்சார் என்று அதில் வருவோர் பலர். இந்த உரிமைக்காக மாநாடு நடத்தினோம், ஊர்வலம் போனோம். கிடைத்தபின் எத்தனை வீட்டில் சாதிச் சான்றிதழ் முறையாக வாங்கி வைத்திருக்கிறோம்? குரூப் 4 தேர்வில் இன்று 200 கேள்விகள். அவற்றில் 100 கேள்விகள் தமிழிலிருந்தே வருகின்றன. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் மொழி அது. அந்த 100 கேள்விகளுக்கு முன்னாலும் 'நமக்கெல்லாம் வராது' என்று நிற்போமென்றால், அங்கே நம்மைத் தடுப்பவர் யார்? தட்டித் திறக்காத கதவையும் தட்டாத கதவையும் ஒரே கணக்கில் எழுதுவது, உண்மையான அநீதிக்கு எதிரான நம் வழக்கையே பலவீனப்படுத்துகிறது.

இந்த வாக்கியத்துக்கு இப்போது கைப்பேசியும் துணை சேர்ந்திருக்கிறது. சமுதாயம் அழிந்துவிட்டது, நம் இளைஞர்கள் உருப்படமாட்டார்கள், நம் பெண்கள் கெட்டுப்போனார்கள் என்று காலை ஃபஜ்ருக்குப் பின் ஒரு குரல்பதிவு வரும்; அனுப்புபவர் அதை நன்மையென்று எண்ணியே அனுப்புகிறார். மக்கள் அழிந்துவிட்டார்கள் என்று சொல்பவரைப் பற்றி முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. அதில் ஓர் அரபுச் சொல்லை இருவிதமாக வாசிக்கிறார்கள். ஓர் உயிர்க்குறிதான் வேறுபாடு. ஒரு வாசிப்பில், அப்படிச் சொல்பவரே எல்லோரிலும் மிகுதியாக அழிந்தவர் என்று பொருள். இன்னொரு வாசிப்பில், அவரே அவர்களை அழித்தவர் என்று பொருள். இரண்டில் எது சரியென்று ஆலிம்கள் பேசட்டும். எந்த வாசிப்பிலும் அந்தக் குரல்பதிவை அனுப்பியவருக்குத் தப்ப வழி தெரியவில்லை.

தன்னைப் பற்றித் தானே பேசும் சொல்லிலும் நபி (ஸல்) அவர்கள் தலையிட்டிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உள்ளம் சோர்ந்திருக்கும் ஒருவர் 'என் உள்ளம் கெட்டுவிட்டது' என்ற பொருள்படும் கடுஞ்சொல்லைத் தன்மீது பயன்படுத்த வேண்டாம், அதைவிட மென்மையான வேறொரு சொல்லைப் பயன்படுத்தட்டும் என்று அவர்கள் பணித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இரண்டு சொல்லுக்கும் பொருளில் பெரிய தூரம் இல்லை என்று உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். ஆயினும் ஒரு முஃமின் தன் ஆன்மாவை இழிசொல்லால் அழைப்பதை அவர்கள் விரும்பவில்லை. நாமோ பிள்ளையை 'மக்கு', 'உருப்படாதவன்', 'தண்டம்' என்று காலையில் எழுப்பும்போதே அழைக்கிறோம். அவன் பத்து வயதில் அதை நம்பத் தொடங்குகிறான். இருபது வயதில் அதைத் தன் பெயராகவே ஏற்றுக்கொள்கிறான்.

இதற்கு மருந்து விற்பவர்களும் நம் ஊர்களுக்கு வந்துவிட்டார்கள். திருமண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, ஒலிபெருக்கியில் இசை போட்டு, 'நீ நினைத்தால் எதையும் சாதிக்கலாம், கண்ணாடி முன் நின்று நூறு முறை சொல்' என்கிறார்கள். என் தம்பி மகளை அங்கே அனுப்பலாமே என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். அனுப்பவில்லை. 'என்னால் எதுவும் முடியாது' என்பது மறைவானதை அறிந்ததாகச் சொல்லும் பொய்யென்றால், 'என்னால் எல்லாம் முடியும்' என்பதும் அதே கடையில் வாங்கிய பொய்தான். என்னிடமுள்ள அறிவால்தான் இவையெல்லாம் எனக்குக் கிடைத்தன என்று சொன்னவன் காரூன். அவனும் அவன் மாளிகையும் பூமிக்குள் போனதைக் கஸஸ் அத்தியாயம் சொல்கிறது. நாளை ஒன்றைச் செய்வேன் என்று சொல்லும்போது இன்ஷா அல்லாஹ் என்பதைச் சேர்த்துச் சொல்லுமாறு கஹ்ஃப் அத்தியாயத்தில் நபி (ஸல்) அவர்களுக்கே அறிவுறுத்தப்பட்டது. அதைக்கூட நாம் 'செய்யமாட்டேன்' என்பதன் நாகரிகமான வடிவமாக மாற்றிவிட்டோம் என்பது தனிக் கதை.

தன்னைப் பற்றி ஒரு முஸ்லிம் எந்தக் கண்ணோட்டம் கொள்ள வேண்டும் என்று கேட்டால், அமானிதம் என்ற சொல்லுக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. கணக்குப் போடும் மூளை என்னுடையது அன்று, என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. என்னுடையதாக இருந்தால் அதைப் பயன்படுத்தவோ பூட்டிவைக்கவோ எனக்கு உரிமை உண்டு. ஒப்படைக்கப்பட்டதை 'இது உதவாது' என்று சோதித்துப் பார்க்காமலே மூலையில் போட எனக்கு ஏது உரிமை? ஆயுளை எதில் கழித்தாய், இளமையை எதில் செலவிட்டாய், அறிவைக்கொண்டு என்ன செய்தாய் என்ற கேள்விகள் மறுமையில் உண்டு என்பதைத் திர்மிதியின் ஹதீஸில் ஓதுகிறோம். 'நமக்கெல்லாம் வராது என்று சொன்னார்கள், விட்டுவிட்டேன்' என்ற பதில் அங்கே செல்லுமா?

நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் என்ற அம்மையார் இருந்தார். 1917இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. இளவயதிலேயே கணவரை இழந்தார். முஸ்லிம் பெண் வீட்டுப் படியைத் தாண்டுவதே பேச்சாகும் காலம் அது. அவர் 1938இல் 'காதலா கடமையா' என்ற புதினத்தை வெளியிட்டார், அதற்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை அளித்தார். அவரைத் தமிழ் முஸ்லிம் பெண்களில் முதல் புதின ஆசிரியர் என்று இலக்கிய வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவர் புதினம் எழுத வராது என்பதற்கு அவரிடம் நம்மைவிட நல்ல காரணங்கள் இருந்தன. அவருக்கு யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. கைக்குக் கிடைத்த வாசலில் அவர் நுழைந்தார் என்பது மட்டும் தெரிகிறது. நம் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

விண்ணப்பத்தைப் பார்த்த அன்றிரவு இஷாவுக்குப் பிறகு தம்மாமுக்குப் பேசினேன். பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னேன்: அந்தத் தேர்வுக்கு இன்டர்வியூ கிடையாது, விசாரிக்காமலே நான் சொல்லிவிட்டேன், என்னை மன்னித்துவிடு. தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீ சொல்லாட்டியும் வாப்பா சொல்லியிருப்பாங்க லாத்தா. வாப்பா சொல்லாட்டி நானே சொல்லிக்கிட்டிருப்பேன்" என்றான். அதன்பின், "பிள்ளைகிட்ட போனைக் குடு" என்றான். தந்தையும் மகளும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மறுவாரம் அவள் தலைமையாசிரியையைப் பார்த்துப் பிரிவை மாற்றிக்கொண்டாள்.

கதை அங்கே இனிப்பாக முடிந்துவிடவில்லை. முதல் மாதத் தேர்வில் அவளுக்குக் கணக்கில் 41. விடைத்தாளோடு நேற்று மாலை என் வீட்டுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. தாளை மேசையில் வைத்துவிட்டு எதையோ சொல்ல வாய் திறந்தாள்; என்னைப் பார்த்தாள்; நிறுத்திக்கொண்டாள். பிறகு, "முக்கோணவியல் பாடம் மட்டும் புரியல மாமி. மத்த ரெண்டு பாடம் பரவாயில்ல" என்றாள். மக்ரிபுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. புத்தகத்தை எடுத்து அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தைத் திறந்தோம்.